பொருத்தம் கேட்கப் போன வீடு

அஸர் தொழுகை முடிந்து வெயில் சற்றுத் தணிந்திருந்தது. நஸீமும் சப்ரியும் மருதமுனையில் பஸ்லியாவின் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தினார்கள். புதன்கிழமை புறப்படுவதாக அன்று பகல்தான் முடிவு செய்திருந்தார்கள். திருகோணமலை, முல்லைத்தீவு வழியாகக் குறிகட்டுவான். அங்கே வண்டிகளைப் படகில் ஏற்றி நெடுந்தீவு. தூரப் பயணம் போகுமுன் தெரிந்தவர்களிடம் பொருத்தம் கேட்பது, அதாவது செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பது, அவர்கள் வழக்கம். இந்த வீட்டை நஸீம் கடைசிக்கு வைத்திருந்தான்.

சப்ரி இந்த வருடம்தான் நஸீமின் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவன். பஸ்லியாவின் கணவன் முஸ்தாக்கை அவன் கண்டதில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க நானா. வயித்துக்குள்ள ஏழு பிளேன்டீ கிடக்கு. இன்னொண்டு போனா பெற்றோல் டேங்க் மாதிரிக் குலுங்கும்" என்று அவன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

மூன்று வருடங்களுக்கு முன் நஸீமும் முஸ்தாக்கும் களப்பை, கடலோர உப்பங்கழியை, வண்டிகளோடு கடந்தார்கள். இரண்டு படகுகளின்மேல் பலகை அடித்த மிதவையில் போனார்கள். இடமில்லாததால் முஸ்தாக் விளிம்போரமாக வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தவன் நஸீம். கைபேசி அடித்தது. அதை எடுக்கக் கையை விட்டான். வண்டி முஸ்தாக்கோடு நீருக்குள் சரிந்தது.

வண்டி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. அலை தூக்கியது என்று நஸீம் எல்லோரிடமும் சொன்னான். களப்பில் ஏது அந்த அளவு அலை என்று யாரும் கேட்கவில்லை.

முன்னறையில் மின்விசிறி ஓடியும் காற்று அசையவில்லை. பஸ்லியா உள்ளறைத் திரைக்கு அப்பால் நின்றாள். நஸீம் மற்ற வீடுகளில் சொன்னதையே சொன்னான். ஏதும் பிழை நடந்திருந்தால் பொருந்திக்கொள்ளச் சொன்னான்.

"என்ன பிழை, நானா?"

"குறிப்பா ஒண்டுமில்ல தங்கச்சி. பொதுவாத்தான்."

திரைக்கு அப்பால் யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள்.

களப்புச் சேற்றின் வாடை வந்தது.

"எனக்குச் செஞ்சத நான் பொருந்திக்கிட்டன்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அவருக்குச் செஞ்சத அவர்தான் பொருந்தணும். நேத்து வந்து கேட்டாரு, புதன்கிழமை எத்தின மணிக்கு வெளிக்கிடுறீங்கண்டு."

நேற்று அவர்கள் நாளே குறித்திருக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட ஒரு நொடி வாய்த்தது. ஒரே ஒரு வசனம். நஸீம் வாசல் பக்கம் திரும்பினான். ஸலாம் சொல்லி வெளியே வந்தான்.

சப்ரி தன் வண்டியில் ஏறி, புறப்படத் தயாராக இருந்தான்.

"உள்ளுக்கு ஆம்பிள ஆரு நானா?"

"ஆருமில்ல. ஏன்?"

"ஒராள் வந்து உங்கட வண்டியப் பிடிச்சிட்டு நிண்டாரு. ஸ்டாண்ட் போட்டிருக்கே, விடுங்கண்டேன். விடமாட்டாராம். உடுப்பெல்லாம் ஈரம்." அவன் சிரித்தான். "நீங்க வரக்குள்ள பின்பக்கம் போயிட்டாரு."

சப்ரி தெருவில் இறங்கினான். வண்டிச் சத்தம் தேய்ந்தது.

நஸீம் தன் வண்டியின் ஸ்டாண்டைக் காலால் மடக்கினான். கைப்பிடி ஈரமாக இருந்தது. இரண்டு கைகளையும் இழுத்துக்கொண்டான்.

வண்டி சாயவில்லை.

யாரும் தொடாமல், நேராக, அப்படியே நின்றது.