நத்தைப் புத்தகமும் பேரில்லாத புரோகிராமும்

கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு பம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வந்தாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

பம்பரம் என்பது அம்மா வைத்த பட்டப்பெயர். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுவதால் வந்தது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அம்மா வீட்டில் இருந்தபடியே அச்சகங்களுக்குத் தமிழில் டைப் செய்து கொடுப்பவர். இப்போது ஒரு புது அச்சகம் நத்தைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தது. கடைசி அத்தியாயம் இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் மாதாமாதம் வேலை உண்டு, தவறினால் இதோடு சரி என்று அச்சக மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இந்த வேலை ரொம்பவே தேவைப்பட்டது.

"எழுத்தாளர் வீட்டுக்குப் போய் கடைசி அத்தியாயத்தை வாங்கிட்டு வந்துடறேன். கம்ப்யூட்டரை ஆன் பண்ணி வை. நான் திரும்பி வர்றதுக்குள்ள அது எப்படியும் எழுந்திரிச்சிடும்" என்று சொல்லிவிட்டு அம்மா கிளம்பியிருந்தார்.

ஒருவழியாகத் திரை தெளிந்தது. உடனே ஒன்றன் மேல் ஒன்றாகப் பெட்டிகள் முளைத்தன. என்றைக்கோ தூக்கிக் கொடுத்துவிட்ட பிரிண்டரில் காகிதம் இல்லை என்றது ஒரு பெட்டி. விளையாட வா என்றது இன்னொன்று. வெளியே வெயில் அடிக்கிறது என்று தகவல் சொன்னது மூன்றாவது.

"அது ஜன்னல்லயே தெரியுதே! உன்னை யாரு கேட்டா?" என்று பம்பரம் அதட்டினாள்.

"யாரை அக்கா திட்டற?" என்று கேட்டாள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த வாண்டு. வாண்டு அவளுடைய தங்கை. இந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"கம்ப்யூட்டரைத்தான். இதை இன்னைக்கு ஒரு வழி பண்ணிடறேன் பாரு. அம்மா வந்து அசந்து போகணும்."

கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே சேர்ந்து எழுந்திருக்கும் புரோகிராம்களின் பட்டியல் எங்கே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் காட்டியிருக்கிறார். திறந்து பார்த்தாள். பிரிண்டர், விளையாட்டு, பாட்டு, வானிலை என்று கல்யாணப் பந்தி மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. "நீ வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனாள்.

கடைசியில் இருந்ததைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

அதற்குப் படம் இல்லை. பெயர் என்று சொல்ல நாலைந்து எழுத்துகளும் ஓர் எண்ணும்தான். தயாரித்தவர் யார் என்று போட வேண்டிய இடம் காலி. கீழே குறிப்பு மட்டும் ஒரு வரி இருந்தது. விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் இந்தப் புரோகிராம் கவனிக்கும் என்றது அது.

பம்பரத்துக்குத் திக்கென்றது. நாம் அடிப்பதை எல்லாம் ஒளிந்திருந்து பார்த்து, பாஸ்வேர்டுகளைத் திருடும் புரோகிராம்கள் உண்டு என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது.

"வாண்டு, நம்ம கம்ப்யூட்டர்ல திருடன் இருக்கான்!"

வாண்டு வரைவதை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். "எங்க? காட்டு, காட்டு!"

"மூஞ்சியெல்லாம் தெரியாது. பேரையும் மறைச்சு வெச்சிருக்கான். அம்மா அடிக்கிறதையெல்லாம் ஒட்டுக் கேக்கறான்."

அவனையும் நிறுத்தினாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்தாள். வட்டம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றவில்லை, திரை வந்துவிட்டது. ஒரு பெட்டிகூட முளைக்கவில்லை. பம்பரம் துள்ளிக் குதித்தாள்.

ஆனால் மனசு கேட்கவில்லை. திருடனை வாசலில் நிறுத்தினால் போதுமா? அவன் எந்த ஃபோல்டரில் இருக்கிறான் என்று தேடிப் பிடித்து, அந்த ஃபோல்டரையே தூக்கிக் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில் போட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அம்மா வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கையில் எழுத்தாளரின் கையெழுத்துத் தாள்கள்.

"அடேயப்பா, என்ன இப்படி ஓடுது! பம்பரம், என்ன மந்திரம் போட்ட?" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். பம்பரத்துக்குத் தலை கால் புரியவில்லை.

அம்மா உட்கார்ந்து, தாள்களைப் பக்கத்தில் சாய்த்து வைத்து அடிக்க ஆரம்பித்தார். அடிக்கும்போது திரையைப் பார்ப்பதே இல்லை. கண் தாளில் இருக்கும், விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல்கள் அவை. ஒரு பக்கம் முடிந்ததும்தான் நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

"ஐயோ, என்ன இது?"

நத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ej;ij என்று இருந்தது. பக்கம் முழுவதும் அப்படித்தான். ஒரு தமிழ் எழுத்தைக்கூடக் காணோம்.

அம்மா அழித்துவிட்டு அடித்துப் பார்த்தார். விசைப்பலகையைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். எதற்கும் அது மசியவில்லை. ஃபோனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார்.

"சார், கம்ப்யூட்டர்ல திடீர்னு ஏதோ கோளாறு. கொஞ்சம் லேட் ஆகலாம்..."

மேனேஜரின் குரல் ஃபோனைத் தாண்டிக் கேட்டது. "மேடம், மெஷினை நிறுத்தி வெச்சிட்டு உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"இல்ல சார், முடிச்சிடறேன். ஆறு மணிக்குள்ள குடுத்துடறேன்."

அம்மா இன்னொரு எண்ணைப் போட்டுக்கொண்டே பால்கனிக்குப் போனார். சொல்லலாமா, வேண்டாமா? பம்பரம் கூடத்துக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றினாள். கால் தானாகப் பால்கனிக்குப் போய் நின்றது.

"அம்மா... நான்தான்மா. எழுந்திரிக்கும்போது வர்ற புரோகிராம் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அதனாலதான் வேகமா ஓடுச்சு."

அம்மா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போல இருந்தது பம்பரத்துக்கு.

"என்கூட வேலை பாத்த அக்கா ஒருத்தங்க ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தாங்க. பழைய மெஷின்ல அடிக்கிற மாதிரியே அடிச்சா தமிழ் வரும். எங்க நாலு பேருக்காக மட்டும் எழுதினது, கடையில எல்லாம் கிடைக்காது. அவங்கதான் வந்து போட்டுட்டுப் போனாங்க. அதுக்கு என்ன பேருன்னுகூட எனக்குத் தெரியாது. இப்ப அவங்க ஃபோனையும் எடுக்கல. வேற மாதிரி அடிச்சா எனக்கு ஒரு பக்கத்துக்கே ராத்திரி ஆயிடும்."

எங்க நாலு பேருக்காக மட்டும். அப்படியானால் அதற்கு எதற்குப் படம்? எதற்குக் கம்பெனிப் பெயர்? தமிழாக மாற்ற வேண்டும் என்றால் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தையும் அது கவனிக்கத்தானே வேண்டும்!

"அம்மா, அது திருடன் இல்லையா?"

"எந்தத் திருடன்?"

"ஐயோ, அதைத்தான்மா நான் குப்பைத்தொட்டியில..." என்று சொல்லிக்கொண்டே கூடத்தின் பக்கம் திரும்பிய பம்பரத்துக்கு உயிரே போய்விட்டது.

நாற்காலியில் வாண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் மவுஸ். கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் என்றால் வாண்டுவுக்குக் கொள்ளை ஆசை. தினமும் சாயங்காலம் அம்மா அவளைத்தான் அதைச் செய்ய விடுவார். திரையில் இப்போது கேள்விப் பெட்டி வந்து நின்றது. நிரந்தரமாக அழிக்கவா? வாண்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நி... ர... ந்..."

பம்பரத்தின் வாய் வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. வாண்டுவை அவளுக்குத் தெரியாதா? யாராவது அதட்டினால் முதலில் அவள் விரல் அழுத்தும், பிறகுதான் அழுகை வரும். பாய்ந்து பிடிக்கலாம் என்றால் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டும்.

பம்பரம் அசையாமல் நின்றாள். வாழ்க்கையிலேயே அவளுக்கு இவ்வளவு கஷ்டமான வேலை வந்ததில்லை. பக்கத்து மேசையில் அம்மா கழித்துப் போட்ட தாள்கள் இருந்தன. ஒன்றை எடுத்து மெதுவாகக் கசக்கினாள்.

சர்ர்ர்... மொறு மொறு...

வாண்டு படிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஆ! நிஜச் சத்தம்!" என்று கண்களை விரித்தாள்.

"நிறையத் தாள் இருக்கு. கசக்கலாம் வரியா?" பம்பரம் இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள். "மவுஸை அப்படியே விட்டுட்டு வா."

"எல்லாமே எனக்கா?"

"எல்லாமே உனக்குத்தான்."

வாண்டு மவுஸை விட்டாள். நாற்காலியிலிருந்து குதித்து ஓடி வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா அவளை அள்ளித் தூக்கிக்கொண்டார்.

அதற்குள் பம்பரம் ஒரே ஓட்டமாக நாற்காலிக்குப் போய், கேள்விப் பெட்டியில் வேண்டாம் என்பதை அழுத்தினாள். குப்பைத்தொட்டியைத் திறந்தாள். திருடன் பத்திரமாக இருந்தான். அவனை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்து, தட்டி எழுப்பினாள். திரையின் ஓரத்தில் 'அ' என்ற எழுத்து சின்னதாகத் தோன்றியது.

"இதுதான்! இதேதான்! இவ்வளவு நாளா இது ஓரத்துல இருக்கும்!" அம்மா வாண்டுவை இறக்கிவிட்டு ஓடி வந்து ஒரு சொல்லை அடித்தார்.

நத்தை.

"வந்துடுச்சும்மா!" என்று பம்பரம் கத்தினாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"கொண்டாட்டம் எல்லாம் அப்புறம். உக்காரு இங்க. நான் தாளைப் பாத்து அடிக்கிறேன். நீ திரையைப் பாரு. தப்பு வந்தா உடனே சொல்லு."

அம்மா அடித்தார். பம்பரம் பார்த்தாள். ஒரு கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது, மற்றபடி அவள் எழுந்திருக்கவே இல்லை. விட்டுப்போன ஒற்று, இரண்டு முறை வந்த வரி, கால் இல்லாத ஓர் எழுத்து என்று வரிசையாகச் சொன்னாள். அவர்கள் பின்னால் வாண்டு தாள்களைக் கசக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கடைசி அத்தியாயம் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஃபோன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்துடுச்சு மேடம், மெஷின்ல ஏத்தியாச்சு" என்றார் மேனேஜர். இப்போது குரலில் கறார் இல்லை. "இவ்வளவு சீக்கிரம் யாரு வந்து ரிப்பேர் பண்ணாங்க? எனக்கும் அந்த நம்பரைக் குடுங்களேன்."

அம்மா பம்பரத்தைப் பார்த்தார்.

"ரிப்பேர் பண்ணது என் பெரிய பொண்ணு சார்." கொஞ்சம் நிறுத்தினார். "கெடுத்ததும் அவதான்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அந்த நம்பர் எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க. அடுத்த புத்தகம் தேனீக்களைப் பத்தி, நாளைக்கே அனுப்பறேன்."

பம்பரம் நாற்காலியை விட்டுக் குதித்து, வாண்டுவையும் இழுத்துக்கொண்டு, கசங்கிய தாள்களுக்கு நடுவே ஆசை தீரச் சுற்றினாள்.