பந்தயத் தெருவுக்கு வாசல் தெளித்தவர்கள்

ஓசூரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மாதா கோயில் தெருவில் வேறு பேச்சே இல்லை.

அது 1968-ஆம் ஆண்டு, தை மாதம். பந்தயத்துக்கென்று தனி மைதானம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர்த் தெருக்களே பந்தயப் பாதை. பஸ் நிலையத்தில் புறப்பட்டு, சந்தைச் சாலையில் ஓடி, மாதா கோயில் தெரு முனையில் திரும்பி, மறுபடி பஸ் நிலையத்துக்கே போகவேண்டும். இப்படிப் பன்னிரண்டு சுற்று. திங்கட்கிழமை காலை அதே தெருவில் மாட்டு வண்டிகள் போகும்.

சனிக்கிழமை பெங்களூரிலிருந்து கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். தெரு முனை வளைவில் வைக்கோல் கட்டுகளைச் சுவர்போல அடுக்கினார்கள். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வீடு வீடாக நின்று சொன்னார்.

"நாளைக்கு ரோட்டில் ஆடு இருக்கக் கூடாது. கோழி இருக்கக் கூடாது. கட்டில், உரல், வண்டி எதுவும் இருக்கக் கூடாது."

"எங்க வீட்டுக்காரர் இருக்கலாங்களா?" என்று ருக்மணி அத்தை கேட்டாள்.

தெருவே சிரித்தது. தொப்பிக்காரரும் சிரித்துவிட்டார்.

வளைவை ஒட்டிய கடைசி வீடு நஞ்சம்மாவுடையது. ஆனேக்கல் பக்கத்திலிருந்து அவள் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு மாடு, ஒரு மனுஷி, அவ்வளவுதான் அந்தக் குடும்பம். பால் வாங்க வருகிறவர்கள் செம்பை நீட்டுவார்கள், பாலை வாங்குவார்கள், போய்விடுவார்கள். கன்னடம் கலந்த அவளுடைய தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நின்று பேசுகிற ஒரே ஆள், பக்கத்து வீட்டு அருள்மேரி. அவளுக்குப் பத்து வயது.

"நாளைக்கு எத்தன பேர் வருவாங்க, மேரி?" என்று நஞ்சம்மா கேட்டாள்.

"ஆயிரம் பேராவது வருவாங்கக்கா."

"எல்லாரும் என் வாசலத் தாண்டியா போவாங்க?"

"ஆமாங்கக்கா. இங்கதான வளைவு."

நஞ்சம்மா தன் வாசலை ஒருமுறை பார்த்தாள். "அப்போ, நல்லா இருக்கணும்" என்றாள்.

ஞாயிறன்று பந்தயத்துக்காகப் பூசையை ஐந்து மணிக்கே வைத்துவிட்டார்கள். 'வண்டி ஓட்டுகிற யாருக்கும் அடிபடக் கூடாது, ஆண்டவரே' என்று அருள்மேரி முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டாள். அவள் வீடு திரும்பும்போது நஞ்சம்மா ஓர் அண்டா நிறையச் சாணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். அருள்மேரியும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

வாசல் தெளித்து முடிந்தது. அண்டாவில் பாதி மிச்சம் இருந்தது.

"வளைவு வரைக்கும் தெளிச்சிடலாங்கக்கா" என்றாள் அருள்மேரி.

"ரோடு நம்மளதா?"

"இன்னைக்கு அதுவும் வாசல்தானக்கா. விருந்தாளிங்க அங்கதான திரும்புவாங்க."

நஞ்சம்மாவுக்கு அது சரியாகப் பட்டது. கறுப்புத் தார் ரோட்டில் பசேலென்று சாணித் தண்ணீர் பரவியது. அதன் நடுவில் அருள்மேரி ஆறு இதழ்ப் பூக்கோலம் ஒன்று போட்டாள். இருவரும் எட்ட நின்று பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

ஏழு மணிக்கு ஒத்திகை ஓட்டம். அருள்மேரியின் அப்பா சகாயநாதன் மஞ்சள் கொடியோடு வளைவில் நின்றார். பனி இன்னும் விலகவில்லை. முதல் வண்டியின் சத்தம் சந்தைச் சாலையில் கேட்டது. பிறகு ஒன்பதாம் எண் போட்ட அந்த வண்டி தெரிந்தது. வளைவில் அது சாய்ந்தது. சாய்ந்த வண்டி நிமிரவே இல்லை. கோலத்தின்மேல் சறுக்கிக்கொண்டே போய் வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்தது. ஓட்டியவரைக் காணோம்.

சகாயநாதன் கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினார். பிறகு வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஹெல்மெட் வந்தது. ஓட்டியவர் எழுந்து உட்கார்ந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. வேறு காயம் இல்லை.

தொப்பிக்காரர் ஓடிவந்து ரோட்டைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"சாணியா? யார் வேலை இது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒன்பது மணிக்குள்ளே இந்த வளைவு காயணும். இல்லேன்னா பந்தயம் கிடையாது. பையன்கள் எலும்பை உடைச்சுக்க நான் கொடி காட்ட மாட்டேன்."

"வேற யாரு, அந்தப் பால்காரிதான்" என்றாள் ருக்மணி அத்தை. "ஊரு தெரியாது, நடப்பு தெரியாது. எத்தன நாளாக் காத்துக் கிடந்தோம். ஒரு அண்டா சாணியில எல்லாம் போச்சு."

நஞ்சம்மாவின் கைகளில் பச்சை இன்னும் காயவில்லை. அவற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அருள்மேரி அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் தெளித்ததை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குத் தன்மேல் வெட்கமாக இருந்தது. அடிபடக் கூடாது என்று வேண்டிக்கொண்டவளே அடிபட வைத்துவிட்டாள். இப்போது அக்கா தனியாகக் கதவுக்குப் பின்னால் இருக்கிறாள்.

அவள் தொப்பிக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, அக்கா வாசலோட நிறுத்திட்டாங்க. வளைவு வரைக்கும் தெளிக்கலாம்னு சொன்னது நான். கோலமும் நான் போட்டதுதான்."

சகாயநாதனின் கொடி தாழ்ந்தது. "பாப்பா, நீயா?"

"ஏம்மா அப்படிச் செஞ்சே?" என்றார் தொப்பிக்காரர்.

"விருந்தாளிங்க வராங்கன்னுதாங்க."

தொப்பிக்காரர் குனிந்தார். கோலத்தில் அழியாமல் மிஞ்சியிருந்த இதழ்களைப் பார்த்தார்.

விழுந்தவர் பெயர் பெருமாள். கோலார்க்காரர். வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து காதுக்குள் போன வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "சார், நீங்க ஆட்டச் சொன்னீங்க, கோழியச் சொன்னீங்க. சாணியச் சொன்னீங்களா? எங்கம்மாவும் இந்நேரம் வாசல் தெளிச்சிருப்பாங்க."

"இருபது குடம் தண்ணி ஊத்திக் கழுவிடலாம்" என்றார் எதிர்வீட்டு வெங்கடப்பன்.

அருள்மேரி பனியைப் பார்த்தாள். "அது எப்பக் காயறதுங்க, மாமா?" என்றாள். பிறகு ஏதோ தோன்ற, நஞ்சம்மா வீட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

"அக்கா, கதவத் திறங்க."

"பேடா மேரி, வேணாம். நான் வரல. எல்லாரும் என்னையே பார்ப்பாங்க."

"நான் சொல்லிட்டேங்கக்கா, வளைவுல தெளிக்கச் சொன்னது நான்னு."

நஞ்சம்மாவின் குரல் கதவருகே வந்தது. "ஏன் சொன்ன? உன்னத் திட்டுவாங்களே."

"திட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம். அக்கா, கொட்டாயில நித்தமும் சாணிதான். உங்க மாடு ஒருநாளும் வழுக்கி விழலையே, எப்படி?"

"அதுக்குச் சாம்பல் போடணும். அடுப்புச் சாம்பல். ஈரத்தையெல்லாம் அது குடிக்கும். அப்புறம் கட்டை வெளக்குமாத்தால சுரண்டி, கோணிய வெச்சு..." சொல்லிக்கொண்டே வந்த நஞ்சம்மா, கையால் காட்டினால்தான் புரியும் என்று கதவைத் திறந்துவிட்டாள்.

அருள்மேரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே வளைவுக்குக் கூட்டிவந்தாள்.

அதற்குப் பிறகு மாதா கோயில் தெருவில் ஓர் அடுப்பிலும் சாம்பல் மிஞ்சவில்லை. முறத்திலும் கூடையிலும் வந்து குவிந்தது. தொப்பிக்காரரே ஒரு கூடையைத் தூக்கிவந்து தும்மினார். நஞ்சம்மா நடுவில் நின்று வேலை சொன்னாள். யாரோ ஒரு குடத்தைத் தூக்கிவந்தபோது, "நீர் பேடா! ஒரு சொட்டும் பேடா!" என்றாள். பிள்ளைகள் அந்தச் சொல்லை வாங்கித் தெருக்கோடி வரைக்கும், "தண்ணி பேடாவாம், தண்ணி பேடாவாம்" என்று கொண்டுபோனார்கள். இந்த முறை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

ருக்மணி அத்தை இரண்டு முறம் சாம்பலைக் கொண்டுவந்து நஞ்சம்மாவின் பக்கத்தில் இறக்கினாள்.

"இது போதுமா, நஞ்சம்மா?" என்று கேட்டாள்.

"இன்னொண்ணு கொண்டுவாங்க" என்றாள் நஞ்சம்மா.

அத்தை மறுபேச்சில்லாமல் போய்க் கொண்டுவந்தாள்.

தூவினார்கள், சுரண்டினார்கள், பெருக்கினார்கள். கோணிப்பைகளால் அழுத்தித் துடைத்தார்கள். பனியும் விலகி வெயில் வந்தது. ஒன்பது மணிக்குத் தொப்பிக்காரர் தன் பூட்ஸை ரோட்டில் வைத்துத் தேய்த்தார். அது வழுக்கவில்லை. பெருமாள் வண்டியை எடுத்து ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுத் தரை மாதிரி இருக்கு, சார்."

அவரை நிறுத்தி, முழங்கையைக் கழுவி, மஞ்சள் பற்றுப் போட்டுத்தான் நஞ்சம்மா அனுப்பினாள்.

பத்து மணிக்குப் பந்தயம் தொடங்கியது. தெரு முழுக்கச் சனம். வளைவில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், ருக்மணி அத்தைக்கும் அருள்மேரிக்கும் நடுவில் நஞ்சம்மா நின்றாள். வண்டிகள் உறுமிக்கொண்டு வந்தன, சாய்ந்தன, நிமிர்ந்தன, போயின. ஒன்பதாம் எண் வண்டி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனது. தெருவே கைதட்டியது. நஞ்சம்மா கைதட்டவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெருமாள் ஐந்தாவதாகத்தான் வந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது நஞ்சம்மா தொப்பிக்காரரைத் தேடிப்பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பையன் பன்னெண்டு வாட்டி கைய விட்டுட்டான். வளைவுல ரெண்டு கையாலயும் பிடிக்கணும்னு சொல்லுங்க."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சரிங்கம்மா" என்றார், "கண்டிப்பாச் சொல்லிடறேன்."