நீக்கியதை மட்டும்

எதிர்வீட்டு மாடியில் எறும்பு ஊர்ந்தால், அதற்கு எந்தக் கால் நொண்டி என்று சத்தத்தை வைத்தே இங்கிருந்து சொல்லிவிடுவேன் என்பார் கடிகாரக்காரர். நாற்பது வருஷம் கைக்கடிகாரங்களைக் காதோரம் வைத்துப் பழுது பார்த்தவர். அவர் மனைவியின் தம்பி, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், அதில் ஒரு காலைக்கூட நம்பியதில்லை. கம்ப்யூட்டரில் இசையமைக்கச் சொல்லித்தரும் வகுப்பில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வகுப்பின் மொத்த வயதில் முக்கால்வாசி இவர்களுடையது.

அன்று மத்தியானப் பாடம், பதிவிலிருந்து இரைச்சலை நீக்குவது. யாரும் பாடாத இரண்டு விநாடியைத் தொட்டுக் காட்டினால் போதும், இரைச்சல் எதுவென்று மென்பொருள் கற்றுக்கொண்டு பாட்டு முழுக்க வழித்தெடுத்துவிடும் என்றாள் டீச்சர். காலையில் வீட்டில் தனியாக இருந்த கடிகாரக்காரரின் மனைவி, ஒரு மெட்டை முனகிப் போனில் அனுப்பியிருந்தாள். கடிகாரக்காரர் அதில் அவள் முனகத் தொடங்குமுன் இருந்த முதல் இரண்டு விநாடியைத் தொட்டார். கை தவறி, 'நீக்கியதை மட்டும் கேட்க' என்பதை அமுக்கிவிட்டார்.

மனைவியின் குரல் போய்விட்டது. ஈரத்துணியைத் தரையில் மெல்ல இழுப்பதுபோல ஒரு சத்தம் ஹெட்போனுக்குள் வந்தது, நின்றது, திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் கடைசியில் தொண்டையில் எதுவோ சிக்கினாற்போல் ஒரு சின்னக் கரகரப்போடு.

மூச்சு. அவளுடையது இல்லை. அவள் முனகும்போதும் அது இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

மைத்துனர் வாங்கிக் கேட்டார். அக்கா வீட்டு ஃபேன் எண்ணெயைக் கண்டு எத்தனை மாமாங்கம் ஆச்சு என்று சிரித்தார்.

ஃபேன் என்றால் சீராகச் சுற்றும். இது நடுநடுவே நின்றது. எதையோ உற்றுக் கேட்பதற்காக நிற்பதுபோல. திரையில் அதன் அலைகள் போகப் போகத் தடித்திருந்தன. கிட்டே வந்திருக்கிறது.

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டார். கிண்டல் செய்ய மைத்துனரும் கூடவே வந்தார். ஸ்பீக்கரில் மனைவி, "சொல்லுங்க," என்றாள்.

பின்னால் அது.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தேன்."

"எந்த ஃபேன்? விடிஞ்சதுலேர்ந்து கரண்டே இல்லைங்க. நானே வெந்துபோய்க் கிடக்கேன்."

மைத்துனரின் சிரிப்பு பாதியில் நின்றது.

கதவைத் திறந்துகொண்டு உடனே தெருவுக்கு வா என்றார் கடிகாரக்காரர். சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று போனை அணைக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவள் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. கூடம். அடுப்படி.

மூச்சு தள்ளிப் போகவில்லை.

இழுப்பு. கரகரப்பு. நிறுத்தம்.

பிறகு அவள் காலையில் முனகிய மெட்டு. அவள் குரலிலேயே. போனை ஒட்டி.

அடுப்படியிலிருந்து, வெகு தூரத்தில், "இங்கயும் காணோங்க," என்றாள் மனைவி.

மெட்டு நிற்கவில்லை.

மைத்துனர் போனருகே காதைக் கொண்டுபோனார். "பாடறது அக்கா இல்ல, அத்தான்," என்றார். "எனக்கும் கேக்குது."