ஆர்டினரி மெசேஜ்

சந்திரனின் குரலுக்குப் பின்னால் காடு கேட்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மரம் வெட்டும் கேம்ப்பிலிருந்து தம்பி பேசினால் அவனுக்கு முன்னால் சில்வண்டுகள்தான் பேசும். தார்ப்பாயில் மழை விழும் சத்தமும், யாராவது இருமுவதும், சட்டி உருளுவதும் கூடவே வரும். இன்று தீவின் ஹேடோ துறைமுகத்து வயர்லெஸ் அறையில், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பழைய செட்டின் வால்வுகள் சூடேறிய வாடையும் ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் கலந்து கிடக்க, அவன் குரல் மட்டும் தனியாக வந்தது.

“ஆர்டினரி. கேம்ப்புல அழுகின தண்ணி வாடை அடிக்குது. ஓவர்.”

“வாங்கியாச்சு,” என்றார் செட்டின் முன்னால் இருந்த அண்ணன் ராஜமாணிக்கம்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அங்கே வழக்கம் அப்படி. செய்தி ‘அர்ஜெண்ட்’ என்று ஆரம்பித்தால் அதிகாரியிடம் ஓட வேண்டும், படகு கிளம்பும். ‘ஆர்டினரி’ என்றால் வாங்கியாச்சு என்று சொல்லி விட்டுவிட வேண்டியதுதான். அதை என்ன செய்வது என்று மேலே யாரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. போன மாதம் சாதாரணக் காய்ச்சலுக்கு அர்ஜெண்ட் போட்டுப் படகை வரவழைத்து, சந்திரன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். “எதுக்கெடுத்தாலும் அர்ஜெண்ட் போடாதடா, என் மானம் போகுது” என்று அண்ணனும் தன் பங்குக்குக் கடிந்துகொண்டார்.

இந்த வாரம் கேட்டுக் கேட்டு விட்டதெல்லாம் இப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஆர்டினரி, டெண்டைச் சுத்தி யாரோ நடக்கறாங்க. ஆர்டினரி, பழனிசாமி அண்ணன் எந்திரிக்கல. ஆர்டினரி, மத்தவங்களும் எந்திரிக்கல. டீயை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றுக்கும் வாங்கியாச்சு சொல்லியிருந்தார். 

கேம்ப்பிலிருந்து அவன் வாயால் அந்தச் சொல் வராமல் படகு தரமாட்டார்கள்.

“சந்திரா! அர்ஜெண்ட்னு சொல்லுடா. ஒரு தடவை சொல்லு, படகை அனுப்பறேன்.”

இரைச்சல். பிறகு மூச்சு.

“ஆர்டினரி. அது பக்கத்துல நிக்குதுண்ணே.”

“டேய், உன் கால்ல விழறேன், அர்ஜெண்ட்னு சொல்லுடா!”

“ஆர்டினரி. வலிக்கல.”

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். செட் அடங்கிக் கிடந்தது. மறுபடி அதே குரல் வந்தது, முன்னைவிடத் தெளிவாக, முன்னைவிடக் கிட்டத்தில்.

“ஆர்டினரி. லம்பா லைன். அண்ணி வெளக்கு ஏத்தறாங்க.”

லம்பா லைன் வீட்டில் அவர் மனைவி ருக்கு தனியாக இருந்தாள்.

போலீஸ் அலைவரிசைக்குத் திருப்பினார். ஒரே ஒரு சொல் போதும், ஜீப் பறக்கும். மனைவியாவது பிழைப்பாள். பொத்தானை அழுத்தினார்.

“ஆர்டினரி,” என்றது அவர் வாய்.

பல்லைக் கடித்தார். நாக்கைக் கடித்தார். ரத்தம் உப்புக் கரித்தது. மறுபடி அழுத்தினார்.

“ஆர்டினரி. என் வீட்டுல... என் பொண்டாட்டி...”

“மில் கயா,” என்றான் அந்தப் பக்கத்து ஆள், கொட்டாவியோடு. வாங்கியாச்சு. தொடர்பு நின்றது.

கதவுப் பக்கம் ஓடினார். முதுகுக்குப் பின்னால் செட் கரகரத்தது.

ருக்குவின் குரல். வீட்டில் ஏது வயர்லெஸ்?

“ஆர்டினரி. யாரோ கதவைத் தட்டறாங்க. நம்ம சந்திரன் குரலு. தொறக்கறேன். ஓவர்.”

ராஜமாணிக்கம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். இறுக்கி. இன்னும் இறுக்கி. விரல் இடுக்கில் அது வெளியே வந்தது.

“வாங்கியாச்சு.”