திராட்சை வாசனை

வீட்டில் யாரும் திராட்சை வாங்கவில்லை. ஆனாலும் மதியச் சோறு வடிக்கும்போதே ஜோதிமணியின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. நன்றாகப் பழுத்து, கூடையின் அடியில் நசுங்கி, லேசாகப் புளிக்கத் தொடங்கிய கறுப்புத் திராட்சையின் வாசனை. வெளியே மண்டி மொஹல்லாச் சந்தில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரன் ஒருவன் யாரையோ கன்னடத்தில் வைதுகொண்டிருந்தான். ஈரச் சாக்கும் மிளகாய் மூட்டையும் வீசும் நெடியைத் தாண்டி இது மட்டும் தனியாக வந்தது. பாழாய்ப்போன வாசனை! மறுபடியுமா?

அவள் கணவன் சித்தையன் பட்டாளத்துக்காரன். எல்லையில் கண்ணிவெடியில் கால் சிதைந்தது. புண்ணில் கிருமி ஏறி, இதே திராட்சை வாசனையோடு பச்சைச் சீழ் வழிய, ராணுவ ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த தமிழ் டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார்.

“அந்தக் காலத்து யுத்தத்துல குண்டுக்குத் தப்பினவன் சீழுக்குத் தப்பலம்மா. அப்புறம் டாக்டருங்க கை கழுவப் பழகினாங்க, மருந்து வந்துச்சு, பொழச்சாங்க. இந்தக் கிருமி எந்த மருந்துக்கும் அடங்கல. திரும்பவும் கை கழுவறதுதான் கதி. வீட்டுல பச்சக் கொழந்த வேற இருக்கு, பாத்துக்கம்மா.”

கழுவினாள். தோல் உரியக் கழுவினாள். கட்டு மாற்றுவதற்கு முன்னும் பின்னும், குழந்தையைத் தொடும் முன்னும்.

இப்போது அவசரமாக அவன் கால் கட்டை அவிழ்த்தாள். ஆனால் புண் காய்ந்து, இளஞ்சிவப்பாய், சுத்தமாக இருந்தது. குனிந்து முகர்ந்தும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

“நல்லாத்தானே ஆறியிருக்குது? மூஞ்சிய ஏன் புள்ள இப்படி வெச்சிருக்கற?” என்று சித்தையன் சிரித்தான். வீடு திரும்பியதிலிருந்து அவன் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

“ஏனுங்க, உங்களுக்கு அந்த வாசம் வரலீங்களா?”

“எனக்கு மழ வாசந்தான் வருது. பாப்பாவக் கொண்டாந்து மடியில வெய்யி.”

பாப்பா. தொப்புள்கொடி போன வாரம்தான் விழுந்திருந்தது. காலையிலிருந்து பாலுக்கு அழவே இல்லை. சமர்த்தாகத் தூங்குகிறாள் என்று இவள் சந்தோஷப்பட்டாளே! மார்பு கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது.

உள்ளறையில் வாசனை கனத்துக் கிடந்தது. தூளிக்குப் பக்கத்தில் அலமாரி. அலமாரியில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். புண்ணில் ஒட்டிய துணியை நனைத்து எடுக்க, மறுபடி மறுபடி விரல் தோய்க்கும் கிண்ணம். குளிப்பாட்டியதும் குழந்தையின் தொப்புளில் வைக்கும் எண்ணெயும் அதிலிருந்துதான்.

கையைத்தான் கழுவினாள். கிண்ணத்தை இல்லை.

தூளியை விலக்கினாள்.

தொப்புளைச் சுற்றிப் பச்சை. ஈரப் பச்சை. வயிறு உப்பியிருந்தது. உடம்பு சில்லென்று. மூச்சு இருந்தது. விட்டு விட்டு.

“ஐயோ, என் தங்கமே!”

வாரியெடுத்தாள். மார்பில் சேர்த்தாள். பால் தானாகப் பீச்சியது. திறந்த வாய் நிறைந்தது. சப்பவில்லை. விழுங்கவில்லை.

“என்ன புள்ள, பாப்பா முழிச்சிருச்சா?” வெளியறையிலிருந்து உற்சாகமாகக் கேட்டான் சித்தையன்.

பால் கடைவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, அந்தப் பச்சையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.