ஒற்றை முட்டைக்காரி

"தட்டுல ஒரே ஒரு முட்டை! என் தம்பி என்ன கோழிக்குஞ்சா, கொறிச்சிட்டுப் போறதுக்கு?"

விடிந்தும் விடியாததுமாக நாத்தனாரின் குரல் அடுக்களையில் கிளம்பி வாசலைத் தாண்டிப் போயிற்று. தையற்காரி பள்ளிச் சீருடைகள் தைத்துத் தைத்துக் கூனிப்போன முதுகை நிமிர்த்திக்கொண்டு, கணவனின் மதியச் சாப்பாட்டுக்கான கோழித் துண்டுகளைச் சிறிய தராசில் வைத்தாள். அளவுக்கு மேல் இருந்த ஒரு துண்டைத் திரும்பச் சட்டியில் போட்டாள்.

"பாருங்கம்மா இந்தக் கொடுமையை! புருஷன் சோத்தை நிறுத்துப் போடுற பொம்பளையை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" என்று ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்டாள் நாத்தனார். "ஒத்தை முட்டைக்காரி" என்று தெருவே கூப்பிடும்படி இவளுக்குப் பெயர் சூட்டிவைத்தவளும் அவள்தான்.

சொல்லிவிட ஒரு நொடி போதும். ஆனால் சத்தியம் நாக்கைக் கட்டிப்போட்டிருந்ததே!

நாலு மாதத்துக்கு முன்பு நடந்தது அது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவனுக்கு இருபது வருஷத்துச் சர்க்கரை. சிறுநீரில் நுரை நுரையாகப் போகிறதென்று கூட்டிக்கொண்டு போனாள். "கிட்னி பாதிச்சிருக்கு, புரோட்டீன் ஒழுகுது" என்றார் டாக்டர். "முட்டை, கறி, பருப்பு, பால் எதையும் அடியோட நிறுத்த வேண்டாம். அள்ளிக் கொட்டவும் வேண்டாம். அவர் எடைக்கு எவ்வளவோ அவ்வளவுதான். அளந்து கொடுங்கம்மா."

படியிறங்கும்போது கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காவுக்குத் தெரியக் கூடாது. மாமாவை அது கிட்னியாலதான் பறிகொடுத்துச்சு... இதையும் தாங்காது. என் மேல சத்தியம் பண்ணு!"

பண்ணினாள். சத்தியம் வாங்கியவனுக்கென்ன, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். வீட்டில் இருந்துகொண்டு திட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது யார்? தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நாத்தனார். அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி இவளுக்குப் பழக்கமும் இல்லை.

இன்று முட்டைச் சண்டை முடிந்து கணவன் ஷூவை மாட்டப் போனபோது, கால் உள்ளே நுழையவில்லை. இரண்டு பாதமும் வீங்கிக் கிடந்தன. "சர்க்கரை பார்த்துட்டு வந்துடறோம் அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தையற்காரி அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரின் முகம் இருண்டது. "நாலே மாசத்துல ரத்தத்துல கழிவு இவ்வளவு ஏறியிருக்கே! இப்படியே போனா டயாலிசிஸ்தான். நிஜமாவே அளந்துதான் கொடுக்கறீங்களா? இல்ல, பாவம்னு கூடுதலா வச்சிடறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்... ஒரு நாள்கூட..."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். இவள் அளப்பது அவனுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் நாத்தனார் பேசியதெல்லாம் சுடவில்லை. அந்த மௌனம் சுட்டது.

வீடு திரும்பியபோது வாசலிலேயே நாத்தனார் நின்றாள், கையில் ஒரு தம்ளர் பால். "வாடா தம்பி, களைச்சுப்போய் வந்திருக்கே. குடி."

பால் பழுப்பாக, கூழ் போல் கெட்டியாக இருந்தது. தையற்காரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக நாத்தனாரின் கையைத் தடுத்தாள்.

"அண்ணி, இதுல என்ன கலந்தீங்க?"

"மருந்துக் கடையில கொடுத்த சத்துமாவு. வெறும் புரோட்டீன். அவன் வேலை விட்டு வந்ததும், நீ தைச்ச துணியைக் கொடுக்கப் போற நேரத்துல தினமும் கொடுக்கறேன், கூட ரெண்டு முட்டை. ஏன், இதையும் தராசுல வைக்கப் போறியா?"

தினமும்! தையற்காரி கணவனைப் பார்த்தாள். அவன் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தான்.

"அக்கா... எனக்குக் கிட்னி..."

"தெரியும்டா!" என்று வெடித்தாள் நாத்தனார். "உன் சட்டையைத் துவைக்கறப்போ பையில டாக்டர் சீட்டு இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். உங்க மாமாவுக்கு டயாலிசிஸ் ஓடுனப்போ டாக்டர் என்ன சொன்னார்? ரத்தத்தைச் சுத்தம் பண்றப்போ சத்தும் போயிடுது, முட்டை கொடு, கறி கொடுன்னார். கொடுக்க அப்போ எனக்கு வக்கில்லை... எலும்பும் தோலுமாத்தானே அந்த மனுஷனை அனுப்பி வச்சேன்! கண்ணெதிர்ல இவ என் தம்பியையும் அப்படி ஆக்கினா, என் வயிறு எரியாதா?"

தையற்காரியின் கோபமெல்லாம் எங்கோ இறங்கிப் போயிற்று. "அண்ணி, அது டயாலிசிஸ் பண்றவங்களுக்கு. இவருக்கு இன்னும் அந்த நிலை வரலை. வரவிடக் கூடாதுன்னுதான் அளக்கச் சொல்லியிருக்காங்க. இந்தக் கிட்னிக்கு அதிகமாக் கொடுத்தா சுமை..."

நாத்தனார் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "அப்போ... என் கையாலயே...?"

அந்த வேளையில் ‘ஆமாம்’ என்ற ஒரு சொல் போதும், நாலு மாதத்துக் கணக்கும் தீர்ந்திருக்கும். தையற்காரி அதைச் சொல்லவில்லை. அருகே உட்கார்ந்து நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உங்களாலதான்னு யார் சொன்னா? சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு. டாக்டர் மாத்திரை மாத்திக் கொடுத்திருக்கார். இன்னும் முழுசாக் கெட்டுப்போகலை அண்ணி, காப்பாத்திடலாம்!"

"தப்பு என்னுதுக்கா" என்றான் கணவன். "கூடாதுன்னு தெரிஞ்சேதான் குடிச்சேன். நீ ஆசையாக் கொடுக்கறப்போ மறுக்க மனசு வரலை. ஆஸ்பத்திரியில வாயைத் திறக்காம இவளைத் திட்டு வாங்க வச்சதும் நான்தான்."

நாத்தனார் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. தையற்காரியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"என் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே... டாக்டர்தான் அளக்கச் சொன்னார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு இவர்தான் சொன்னார் அண்ணி..."

"நான் தாங்க மாட்டேன்னா நீ இத்தனையும் தாங்கினே?"

அவ்வளவுதான். இருவரும் கட்டிக்கொண்டு கதறிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, பிறகு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கணவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். "என்னை மன்னிச்சுடு..."

தையற்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னிக்கே முடியாதுங்க. மனசு ஆறக் கொஞ்ச நாளாகும். மணி ரெண்டாச்சு, கை கழுவிட்டு வாங்க... சாப்பாடு போடறேன்."