நாளக்கண்ணாடி சொல்லாதது

ஆறுமுகநயினார் பஸ்ஸில் ஏறியதும் ஓர் இளைஞன் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தான். நயினார் தூத்துக்குடி டெப்போவின் டிக்கெட் பரிசோதகர். அவரைக் கண்டு ஒளிந்தவர்கள் உண்டு, முதுகுக்குப் பின்னால் ஏசியவர்கள் உண்டு. இடம் கொடுத்தவர் இதுவரை ஒருவரும் கிடையாது.

"அது இருக்கட்டும், டிக்கெட்டைக் காட்டு."

"எடுக்கலை சார். அபராதம் போட்டுக்கோங்க. நீங்க மொதல்ல உக்காருங்க."

நாளக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அவன் கண்கள் நயினாரின் நெற்றிக்கு மேலே ஒரு கணம் நின்றுவிட்டு ஜன்னல் பக்கம் ஓடின. நயினார் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காலையில்தான் எதிர்வீட்டு ஸ்டெல்லா, குப்பைச் சண்டையில் வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவள், ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொண்டுவந்து நீட்டியிருந்தாள்.

நாளக்கண்ணாடி இல்லாத மூக்கு இப்போது ஊரில் இல்லை. அது எதிரே நிற்பவரின் உடம்புக்குள் மெல்லிய ஒளித்துடிப்புகளை அனுப்பும். ரத்தம் அந்த ஒளியைக் குடித்து இம்மியளவு சூடேறி விரியும். விரியும்போது காதுக்கு எட்டாத ஓர் ஒலி எழும். அதைக் கேட்டே கண்ணாடி ரத்தநாளங்களை வேரும் கிளையுமாக வரைந்து காட்டிவிடும். எங்கே அடைப்பு, எங்கே வீக்கம், எங்கே புதிதாக ஒரு கட்டி ரத்தம் குடிக்கிறது, எல்லாம் தெரியும். இனி ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள் என்று அரசாங்கம் பரிசோதனைக் கூடங்களை மூடிவிட்டு வீட்டுக்கு வீடு கண்ணாடி கொடுத்தது.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் வாயைத் திறப்பது யார்? இன்று சொல்லி, அவர் நாளைக்கு விழுந்துவிட்டால் சொன்னவருக்குக் கருநாக்கு என்று பெயர் விழும். அப்புறம் ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத குறைக்கு அன்பாக நடந்துகொண்டார்கள்.

தன் கையைக் காலைத் தானே பார்த்துக்கொள்ளலாம். தலையைத்தான் முடியாது. நிலைக்கண்ணாடி முன் நின்றால் ஒளி போய்த் திரும்பும். அந்த மெல்லிய ஒலியோ வழியிலேயே அடங்கிவிடும். ஊரே பார்க்கிற தலையை அதன் சொந்தக்காரன் மட்டும் பார்க்க வழியில்லை.

நயினாருக்கு இந்த அன்பு நன்றாகத் தெரியும், அவரே கொடுத்திருக்கிறார். கண்டக்டர் லூர்துவின் கழுத்து நாளத்தில் ஒரு புடைப்பைப் பார்த்தவர், அவனுக்கு மெமோ கொடுப்பதை நிறுத்தினார், அலைச்சல் இல்லாத ரூட் வாங்கிக் கொடுத்தார். "செக்கர் திருந்திட்டாருடே!" என்று லூர்து டெப்போவெல்லாம் சொல்லிச் சிரித்தான். மறுமாதம் ஓடுகிற பஸ்ஸில் சுருண்டு விழுந்தவன் எழவேயில்லை.

வீட்டில் மனைவி பேச்சியம்மாள் வாசலுக்கே வந்தாள். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவள். அவள் மூக்கில் கண்ணாடி இல்லை.

"வந்துட்டியளா? கை கழுவுங்க, சோறு போடுதேன்."

"கண்ணாடி எங்கட்டி?"

"பீரோவுல."

"எப்பலேர்ந்து?"

"கோயில் கொடைத் திருவிழாவுலேர்ந்து," என்றாள், தரையைப் பார்த்து.

"என் தலையில என்ன பாத்த?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என் வாயால சொல்ல மாட்டேன். சொன்னா நடந்துரும்."

"சொல்லாட்டி நடக்காதோ?" என்று கத்தினார் நயினார்.

"நீங்க லூர்து அண்ணங்கிட்ட சொன்னியளா?"

நயினார் சோற்றுத் தட்டின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டாக்டர் அமலியின் கிளினிக்குக்குப் போனார். அமலியிடம் போய் ஏச்சு வாங்காமல் வந்தவர் ஊரில் குறைவு. கதவுக்கு அந்தப் பக்கம் அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது.

"உப்பைக் கொறைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்லா? காதுல என்ன பஞ்சா? அடுத்த மாசமும் இப்படியே வந்து நின்னா வாசல்லயே வெரட்டிருவேன்!"

முகம் தொங்கிப்போய் வெளியே வந்த மனிதரை நயினார் பொறாமையோடு பார்த்தார். அடுத்த மாசம்! கொடுத்துவைத்த மகராசன். திருந்த நேரம் இருக்கிறவனைத்தான் அந்த அம்மாள் திட்டுவாள். கடவுளே, என்னையும் திட்டட்டும், நான் பஸ்ஸில் ஏசியதற்கெல்லாம் சேர்த்து நாலு மடங்காகத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டார். செய்யாத தப்பையும் சேர்த்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

உள்ளே போனதும் டாக்டர் நிமிர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பார்வை அவர் நெற்றிக்கு மேலே நின்றது.

"டாக்டர், நெதம் கருவாடு திங்கேன்," என்று முந்திக்கொண்டார் நயினார். "பிரஷர் மாத்திரையும் ஒழுங்கா போடுறதில்ல. நீங்க சொன்ன எதையுமே நான் கேக்கலை!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எழுந்து வந்து, தன் கையாலேயே அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அதனால என்ன அண்ணாச்சி," என்றாள். "உக்காருங்க. சாப்பிட்டு வந்தியளா?"